ரஷ்யப் பெண் பெயர்கள்: பொருளும் புழக்கமும் – ஓர் ஒப்பீடு

பெண் குழந்தைக்கு ரஷ்யப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள், பெயரையும் பொருளையும் அடுத்தடுத்து எழுதிய பட்டியல்களைத்தான் முதலில் நாடுகிறார்கள். இரீனா என்றால் அமைதி, ஸோயா என்றால் உயிர், கலீனா என்றால் அலையடங்கிய கடல், மரீனா என்றால் கடலுக்குரியவள் என்று அந்தப் பட்டியல்கள் நீள்கின்றன. அவற்றில் தரப்படும் பொருள்கள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால் அந்தப் பொருள் எந்த மொழியில் உள்ளது என்பதை அவை சொல்வதில்லை. இரீனா, ஸோயா, கலீனா மூன்றும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. மரீனா லத்தீன் வழி வந்தது. மாஸ்கோவில் ஒரு தாய் தன் மகளை ‘ஈரா’ என்று கூப்பிடும்போது, கூப்பிடுபவர் மனத்திலும் கேட்பவர் மனத்திலும் அமைதி என்ற கருத்து எழுவதில்லை. எனவே பொருளை மட்டும் வைத்து ரஷ்யப் பெயரைத் தேர்ந்தெடுப்பது போதாது. பெயரின் பொருள் ரஷ்யக் காதுக்குக் கேட்கிறதா, வீட்டில் அது எப்படிச் சுருங்கும், எந்தத் தலைமுறையின் பெயராக அது பதிந்திருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் பெயர்களுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாடு புலப்படும்.

ரஷ்யர்களின் பெயர் மூன்று உறுப்புகள் கொண்டது: முதலில் இடுபெயர், அடுத்துத் தந்தையின் பெயரிலிருந்து அமையும் தந்தைவழிப் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். இவானின் மகள் இவானோவ்னா, செர்கேயின் மகள் செர்கேயெவ்னா, நிகீதாவின் மகள் நிகீதிச்னா. தமிழர்கள் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னால் இட்டுக்கொள்வதற்கு நெருக்கமான வழக்கம் இது. ஆனால் தமிழ் முன்னெழுத்து ஏட்டோடு நின்றுவிடும்; ரஷ்யத் தந்தைவழிப் பெயரோ நாள்தோறும் வாயில் புழங்குவது. ஆசிரியரையும் மருத்துவரையும் மேலதிகாரியையும் வயதில் மூத்த அறிமுகமானவரையும் ‘அன்னா செர்கேயெவ்னா’ என்று இரண்டு பெயரும் சேர்த்தே அழைக்க வேண்டும். ஆகவே இடுபெயரைத் தனியாகச் சொல்லிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தந்தைவழிப் பெயரோடு சேர்த்துப் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அனஸ்தாசியா விசேவலோதொவ்னா என்ற சேர்க்கை அழகானதுதான் என்றாலும், ஒரு வகுப்பிலுள்ள குழந்தைகள் அனைவரும் தங்கள் ஆசிரியையை நாள் முழுவதும் அப்படிக் கூப்பிடுவது எளிதன்று. வேரா விசேவலோதொவ்னா என்றால் அந்தச் சிரமம் பாதியாகிவிடுகிறது. தந்தையின் பெயர் நீளமாக இருந்தால் மகளின் பெயர் குறுகியிருப்பது நல்லது என்பதுதான் இதில் நான் சொல்லக்கூடிய முதல் ஆலோசனை.

வீட்டுப் பெயர் இதைவிட முக்கியமானது. யெகாத்தெரீனா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் அவள் யெகாத்தெரீனா. வீட்டிலும் தோழிகளிடையிலும் வகுப்பறையிலும் அவள் காத்யா; இது எந்த மிகையுணர்வும் இல்லாத இயல்பான அழைப்பு. பாட்டி கொஞ்சும்போது காதென்கா என்பார், காத்யூஷா என்பார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையின் ராக்கெட் ஏவுகலங்களுக்கு வீரர்கள் வைத்த பெயரும் இந்தக் காத்யூஷாதான். அண்ணனும் தம்பியும் சண்டைக்கு நடுவில் காத்கா என்பார்கள். அந்தக் ‘கா’ விகுதியை உடன்பிறந்தவர்களும் நெருங்கிய தோழிகளும் சொன்னால் உரிமை. அறிமுகமில்லாதவர் சொன்னால் அவமதிப்பு. அவளே வளர்ந்து பணிக்குச் சென்றதும் யெகாத்தெரீனா அலெக்சேயெவ்னா ஆகிவிடுகிறாள். ஒரே பெண்ணின் பெயர் இத்தனை வடிவங்களில் புழங்குவதால், ‘யெகாத்தெரீனா பிடித்திருக்கிறதா’ என்பதைவிட ‘காத்யா பிடித்திருக்கிறதா’ என்று பெற்றோர் தங்களையே கேட்டுக்கொள்வது பயனுள்ளது. முழுப்பெயரைக் கேட்டு மயங்கிச் சுருக்கப் பெயரை எண்ணிப் பார்க்காமல் விடுபவர்கள், வாழ்நாளில் மிகுதியாகச் சொல்லப்போகும் சொல்லைத் தேர்ந்தெடுக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

சுருக்கப் பெயர்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாஷா, ஷேன்யா, வால்யா ஆகியவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அலெக்சாண்டர், அலெக்சாண்ட்ரா இருவரும் சாஷா. யெவ்கேனி, யெவ்கேனியா இருவரும் ஷேன்யா. வலந்தீன், வலந்தீனா இருவரும் வால்யா. ரஷ்யாவுக்குள் இதனால் குழப்பம் நேர்வதில்லை. அங்கே வினையின் இறந்தகால வடிவமே பாலைக் காட்டிவிடும். சோஃபியாவின் சுருக்கமான சோன்யா, ரஷ்ய மொழியில் தூங்குமூஞ்சியைக் குறிக்கும் சொல்லும்கூட. இது யாரையும் புண்படுத்தாத செல்லச் சொல்; காலையில் எழ மறுக்கும் சோன்யாக்கள் எல்லாரும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

ரஷ்யப் பெண் பெயர்களில் இவ்வளவு கிரேக்கம் கலந்திருப்பதற்குக் காரணம் 988இல் இளவரசர் விளாதிமீர் பைசாந்தியத்திலிருந்து கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டது. ஞானஸ்நானத்தின்போது புனிதர்களின் நாட்காட்டியில் உள்ள பெயரையே சூட்ட வேண்டும் என்பது முறையாயிற்று. அந்த நாட்காட்டியில் இருந்த பெயர்கள் கிரேக்கம், லத்தீன், எபிரேயம் ஆகிய மொழிகளைச் சேர்ந்தவை. முந்தைய ஸ்லாவியப் பெயர்களில் மிகச் சிலவே அந்த வாயிலைக் கடந்து வந்தன. ஒவ்வொரு புனிதருக்கும் உரிய நாள், அந்தப் பெயர் கொண்டவரின் பெயர்நாள் ஆயிற்று. 1917க்குப் பிறகு சோவியத் அரசு பெயர்ப் பதிவைத் திருச்சபையிடமிருந்து எடுத்துக் குடிமைப் பதிவகங்களிடம் ஒப்படைத்ததும் இந்தக் கட்டு அவிழ்ந்தது. இன்று பெற்றோர் நாட்காட்டியில் இல்லாத பெயரையும் தாராளமாகப் பதிவு செய்யலாம். குழந்தைக்கு ஞானஸ்நானம் தர விரும்பினால் மட்டும் திருச்சபைக்கென்று வேறொரு பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

கிரேக்க வழிப் பெயர்களில் முதலில் நிற்பவை அனஸ்தாசியா, யெகாத்தெரீனா, யெலேனா, சோஃபியா. இவற்றுள் பொருள் ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருப்பவை இரண்டே: அனஸ்தாசியா உயிர்த்தெழுதலையும், சோஃபியா ஞானத்தையும் குறிக்கின்றன. யெகாத்தெரீனாவைத் தூய்மையோடு இணைப்பது பழைய வழக்கம் என்றாலும், பெயரின் மூலம் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. யெலேனாவுக்கு ஒளி, தீப்பந்தம் என்று பொருள் சொல்வதும் அப்படிப்பட்டதே. உறுதியான பொருளை விரும்புகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும்; பட்டியல்கள் நான்கையும் ஒரே உறுதியோடு சொல்லிவிடுகின்றன.

வரலாற்று நினைவு என்ற அளவில் பார்த்தால் யெகாத்தெரீனாவுக்கு இணையில்லை. 1762 முதல் 1796 வரை ஆண்ட இரண்டாம் யெகாத்தெரீனா பிறப்பால் ஜெர்மானியர். அவருடைய பெயர் சோஃபி. 1744இல் ரஷ்யத் திருச்சபையில் சேர்ந்தபோது யெகாத்தெரீனா என்ற பெயரோடு அலெக்சேயெவ்னா என்ற தந்தைவழிப் பெயரும் அவருக்குச் சூட்டப்பட்டது. அவருடைய தந்தையின் பெயர் கிறிஸ்டியன் ஆகஸ்ட். அதாவது, ரஷ்யப் பெயராக நிற்க வேண்டுமானால் தந்தைவழிப் பெயர் இல்லாமல் முடியாது என்ற எண்ணம், தந்தையின் உண்மையான பெயரையும் மீறும் அளவுக்கு வலுவாக இருந்தது. அயல்நாட்டுத் தந்தைக்குப் பிறக்கும் பெண்களின் பெயர் குறித்து இன்று எழும் கேள்விகளுக்கும் இதில் ஒரு முன்னோடி இருக்கிறது.

அனஸ்தாசியா என்ற பெயருக்கு இரண்டு துயர நினைவுகள் உண்டு. நான்காம் இவானின் முதல் மனைவி அனஸ்தாசியா ரொமானொவ்னா 1560இல் இறந்தார். அவருடைய பிறந்த குடும்பத்தின் வழியில்தான் பின்னர் ரொமானொவ் அரச மரபு எழுந்தது. அந்த மரபின் கடைசி ஜாரின் இளைய மகள் அனஸ்தாசியா 1918 ஜூலையில் யெகாத்தெரின்பூர்கில் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும் இந்த நினைவுகள் பெயரை விலக்கி வைக்கவில்லை. சோவியத் காலத்தின் இறுதியிலும் அதன் பிறகும் அனஸ்தாசியாக்கள் நிறையவே பிறந்தார்கள். நாஸ்த்யா என்ற சுருக்கம் உயிர்ப்பானது. நாஸ்தென்கா என்ற கொஞ்சல் ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளின் நல்ல பெண்ணை நினைவூட்டுவது. ரஷ்யாவுக்குள் வளரப்போகும் குழந்தைக்கு இது குறை சொல்ல முடியாத பெயர்.

யெலேனாவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் ரஷ்யப் பெயர் யெலேனா பெத்ரோவ்னா. அச்சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாற்றில் இருப்பதால், சென்னை மண்ணோடு தொடர்புள்ள முதல் ரஷ்யப் பெண் பெயர்களில் இதுவும் ஒன்று. யெலேனாவின் நாட்டுப்புற வடிவமான அல்யோனா இன்று தனிப்பெயராகவே பதிவாகிறது.

சோஃபியாவின் நிலை வேறு. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் மாஸ்கோவில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு மிகுதியாகச் சூட்டப்பட்ட பெயர்களில் சோஃபியா முன்வரிசையில் இருந்துவருகிறது. மரியாவும் அன்னாவும் அதற்கு அருகில் நிற்கின்றன. அதனால் ஒரே வகுப்பில் இரண்டு, மூன்று சோன்யாக்கள் இருப்பது வியப்பன்று. இந்தப் பெயரில் கவனிக்க வேண்டிய ஆவணச் சிக்கலும் ஒன்று உண்டு. சோஃபியா, சோஃப்யா என்ற இரண்டு வடிவங்களும் பேச்சில் ஒருவரையே குறிக்கலாம். ஆவணத்தில் அவை இரண்டு வேறு பெயர்கள். 1682 முதல் 1689 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த இளவரசியும், ஸ்டாக்ஹோமில் பேராசிரியராகப் பணியாற்றிய கணித அறிஞர் கவலேவ்ஸ்கயாவும் சோஃப்யாக்களாகவே அறியப்படுகிறார்கள். இன்றைய பெற்றோர் சோஃபியாவை நாடுகிறார்கள். நத்தாலியா–நத்தால்யா, மரியா–மார்யா ஆகிய இணைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பொருள் கேட்கும் பெயர்கள் வேண்டுமென்றால் வேரா, நதேஷ்தா, லியுபோவ் என்ற மூன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வேரா என்றால் நம்பிக்கை, அதாவது இறைவன்மீதோ மனிதர்மீதோ வைக்கும் விசுவாசம். நதேஷ்தா என்றால் நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு. லியுபோவ் என்றால் அன்பு. இவை மூன்றும் இன்றைய ரஷ்ய மொழியில் அன்றாடம் புழங்கும் சொற்கள். ரோமாபுரியில் ஹாத்ரியன் பேரரசன் காலத்தில், சோஃபியா என்ற தாயின் கண்முன் பன்னிரண்டு, பத்து, ஒன்பது வயதுச் சிறுமியர் மூவர் தம் சமயத்துக்காக உயிர் துறந்தார்கள் என்பது திருச்சபை மரபு. அவர்களுடைய கிரேக்கப் பெயர்களான பிஸ்திஸ், எல்பிஸ், அகாபே ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஸ்லாவிய மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். நாட்காட்டிப் பெயர்கள் ஒலிவடிவிலேயே இறக்குமதியான காலத்தில் இந்த மூன்றுக்கு மட்டும் இப்படி நேர்ந்தது ரஷ்யப் பெயர்களின் நற்பேறு என்றே நான் கருதுகிறேன். 18ஆம் நூற்றாண்டில்தான் இவை குடும்பங்களில் பரவலாயின. செப்டம்பர் 30 அன்று தாய்க்கும் மகள்கள் மூவருக்கும் ஒரே பெயர்நாள்.

மூன்றையும் ஒப்பிட்டால் நடைமுறையில் வேறுபாடு பெரிது. லியுபோவ் பொருளால் உயர்ந்தது. ஆனால் முழுப்பெயரைச் சொல்லும்போது மொழியின் மிக நெருக்கமான சொல் ஒன்றை அலுவலகத்தில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. லியூபா என்ற சுருக்கம் இன்று பாட்டிமார் தலைமுறைக்குரியதாகவே ஒலிக்கிறது. வேரா நேர்மாறானது: இரண்டே அசை, மேலும் சுருக்க வேண்டிய தேவையில்லை. வேரச்கா என்று கொஞ்சினால்தான் பெயர் நீளும். எந்தத் தந்தைவழிப் பெயரோடும் பொருந்தும், எந்த நாட்டின் கடவுச்சீட்டிலும் பிழையின்றி எழுதப்படும். நதேஷ்தா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முழுப்பெயரில் ரஷ்ய மொழிக்கே உரிய அந்த அழுத்தமான ‘ஷ்’ ஒலி அயலார் நாவுக்குக் கடினம். ஆனால் நாத்யா என்ற சுருக்கம் மிக மென்மையானது. லெனினின் மனைவியும் கல்வியாளருமான குரூப்ஸ்கயாவின் பெயர் இதுவே என்பதால் சோவியத் தலைமுறைக்கு இப்பெயர் ஒரு கண்டிப்பான தோற்றத்தையும் தந்தது. அந்த நிழல் இப்போது பெரிதும் விலகிவிட்டது.

ஸ்வெத்லானாவின் கதை தனிச் சிறப்புடையது. கேட்பதற்குத் தொன்மையான ஸ்லாவியப் பெயர்போலத் தோன்றும் இது, உண்மையில் கவிஞர்கள் உருவாக்கியது. 1802இல் வஸ்தோகொவ் தம் கவிதையில் இதைக் கையாண்டார். 1813இல் வெளியான ஷுக்கோவ்ஸ்கியின் கதைப்பாடல் வழியாக இது வாசகர் நெஞ்சில் இடம்பிடித்தது. ‘ஸ்வெத்’ என்றால் ஒளி. எந்த அகராதியும் தேவையில்லாமல் ரஷ்யக் குழந்தைக்கும் புரியும் பொருள் இது. ஆனால் புனிதர் நாட்காட்டியில் இல்லை என்பதால் ஒரு நூற்றாண்டுக்காலம் திருச்சபை இதை ஞானஸ்நானப் பெயராக ஏற்கவில்லை. ஒளியையே குறிக்கும் கிரேக்கப் பெயரான ஃபோதினியா என்ற பெயரில்தான் ஸ்வெத்லானாக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். குடிமைப் பதிவு வந்த பிறகு கதவு திறந்தது; 1926இல் பிறந்த ஸ்டாலினின் மகளுக்கும் இந்தப் பெயரே சூட்டப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் சோவியத் ஒன்றியம் முழுவதும் ஸ்வெத்லானாக்கள் பிறந்தார்கள். 1984இல் விண்வெளியில் கலத்தைவிட்டு வெளியே வந்து பணியாற்றிய முதல் பெண்ணும் ஒரு ஸ்வெத்லானாதான்: சவீத்ஸ்கயா. இந்தப் பெருக்கமே இன்று அதன் குறை. இன்றைய ரஷ்யாவில் ஸ்வெத்லானா என்றவுடன் மனத்தில் எழுவது நடுவயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் உருவம். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் அண்டைவீட்டார் சற்று வியப்பார்கள்.

லியுத்மீலாவும் இதே நிலையில் இருக்கிறது. ‘லியுத்’ மக்கள், ‘மீலா’ இனியவள். மக்களுக்கு இனியவள் என்பது எவரும் விரும்பக்கூடிய பொருள். 921இல் இறந்த செக் நாட்டுப் புனிதை ஒருவர் இப்பெயர் கொண்டிருந்ததால் திருச்சபையும் இதை ஏற்றது. புஷ்கினின் 1820ஆம் ஆண்டுக் காவியம் இதற்குக் காதல் கதையின் மணத்தையும் சேர்த்தது. ஆனால் லியூதா என்ற சுருக்கம் பழையதாகிவிட்டது. மீலா என்று சுருக்கினால் மட்டும் இன்றைக்கும் பொருந்துகிறது. யரோஸ்லாவா, மிரோஸ்லாவா போன்று ‘புகழ்’ என்ற பொருள் தரும் ‘ஸ்லாவா’ ஈற்றுப் பெயர்கள் மீண்டும் புழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. தந்தைவழிப் பெயரும் குடும்பப் பெயரும் நீளமாக இருக்கும் குடும்பங்களுக்கு இவை சுமையாகவே முடியும்.

ஓல்காவும் தாத்யானாவும் தலைமுறைகளைக் கடந்து நிற்பவை. ஓல்கா, வடக்கத்திய ஹெல்கா என்ற பெயரின் ரஷ்ய வடிவம். புனிதமானவள் என்பது அதன் பொருள். 945இல் கணவர் இகோர் கொல்லப்பட்ட பிறகு கீவ் நாட்டைக் காத்த இளவரசி ஓல்கா, கான்ஸ்டாண்டினோபிளில் ஞானஸ்நானம் பெற்று யெலேனா என்ற பெயரை ஏற்றார் என்றாலும், திருச்சபை அவரைப் புனிதையாகப் போற்றுவது ஓல்கா என்ற பெயரில்தான். தாத்யானாவின் மூலம் ரோமானியக் குலப்பெயரான தாத்தியுஸ். அதற்குமேல் பொருள் சொல்வதெல்லாம் ஊகமே. ஆனால் பொருள் தெளிவில்லாத ஒரு பெயர் எப்படி மக்கள் நெஞ்சில் வேரூன்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. தம் செய்யுள் நாவலின் நாயகிக்குப் புஷ்கின் இந்தப் பெயரைச் சூட்டியபோது, இது நாட்டுப்புறப் பெயர் என்ற தயக்கத்தை அவரே நாவலுக்குள் குறிப்பிட்டார். நாவலுக்குப் பின் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1755இல் பேரரசி யெலிசவேத்தா மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கான ஆணையில் ஒப்பமிட்ட நாள் புனித தாத்யானாவின் நாளாக அமைந்ததால், ஜனவரி 25 இன்றும் ரஷ்ய மாணவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. படிக்கும் பெண்ணுக்கு இப்படியொரு பெயர்நாள் வாய்ப்பது இனிமையானது.

பொருளை மட்டும் பார்த்தால் தவறவிடக்கூடிய பெயர் வர்வாரா. கிரேக்கத்தில் அது அயல்மொழி பேசுபவளைக் குறிக்கும் சொல். ஆயினும் ரஷ்யர்களுக்கு வார்யா அன்பான, சற்றுப் பழைமை மணக்கும் பெயர், அண்மைக் காலத்தில் பெற்றோர் மீண்டும் விரும்பிச் சூட்டுவது. ஆர்வம் மிகுந்த வர்வாராவின் மூக்கைச் சந்தையில் பிய்த்துவிட்டார்கள் என்ற பழமொழியைக் கேட்காமல் எந்த வர்வாராவும் வளர முடியாது. அதற்குப் பெற்றோர் ஆயத்தமாக இருக்க வேண்டும். வசிலீசா என்ற பெயரும் இவ்வாறே திரும்பி வந்திருக்கிறது. ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளின் அறிவுமிக்க அழகி என்பதால் தூய ரஷ்யப் பெயராக எண்ணப்படும் இது, அரசி என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல். அலீசா என்ற பெயரை விரும்புபவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: 2017இல் யாண்டெக்ஸ் நிறுவனம் தன் குரல்வழி உதவியாளருக்கு இந்தப் பெயரையே வைத்தது. அக்கருவி உள்ள வீட்டில் குழந்தையைக் கூப்பிடும்போதெல்லாம் கருவியும் விழித்துக்கொள்ளும்.

புரட்சிக்குப் பின் உருவாக்கப்பட்ட பெயர்களைத் தேர்வுக்கு உரியவையாக நான் கருதவில்லை. லெனின் என்ற பெயரைத் திருப்பிப் படித்து அமைத்த நினேல், விளாதிமீர் லெனினைச் சுருக்கிய விளத்லேனா, அக்டோபர் புரட்சியைக் குறித்த அக்தியாப்ரீனா ஆகியவை ஒரு காலத்தின் உணர்ச்சியைத் தாங்கியவை. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அவை உண்மையானவை. இன்று பிறக்கும் குழந்தைக்கு அவற்றை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டிய கடமை மட்டும் மிஞ்சும். வலந்தீனா அப்படியன்று. வலிமையும் உடல்நலமும் உடையவள் என்ற பொருளுள்ள இந்தப் பழைய பெயர், 1963 ஜூன் 16 அன்று விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்ணான தெரெஷ்கோவாவால் உலகெங்கும் பரவியது. தமிழகத்தின் இடதுசாரிக் குடும்பங்களிலும் வாலண்டினாக்கள் உண்டு. ரஷ்யாவில் மட்டும் அது இப்போது பாட்டிமாரின் பெயராகிவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்கச் சென்று அங்கேயே மணம் புரிந்தவர்கள், பணியின் பொருட்டு ரஷ்யாவில் குடியமர்ந்தவர்கள் ஆகியோருக்கு இந்தத் தேர்வு இரட்டைச் சுமையுடையது. பெயர் இரண்டு மொழிகளிலும் வாயில் வழங்க வேண்டும். இங்கே தந்தைவழிப் பெயரின் கேள்வி முதலில் எழும். செந்திலின் மகள் செந்திலோவ்னா, குமாரின் மகள் குமாரோவ்னா, விஜயின் மகள் விஜயெவ்னா என்று ரஷ்ய மொழி எளிதாக அமைத்துக்கொள்ளும். முத்து, மணி என்று உயிரொலியில் முடியும் பெயர்களில் ஒட்டு சற்று இடறும். தந்தைவழிப் பெயர் வேண்டாமென்றால், தேசிய வழக்கத்தை முன்னிட்டு அதை விட்டுவிட ரஷ்யக் குடும்பச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இடமளிக்கிறது. ரஷ்யாவிலேயே வளரப்போகும் பெண்ணுக்கு அதை விடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எல்லாரையும் தந்தைவழிப் பெயரோடு அழைக்கும் சமூகத்தில் அவளை மட்டும் வேறாக நிறுத்தும் தேவை இல்லை. தந்தையின் தமிழ்ப் பெயர் அவள் பெயரோடு நாள்தோறும் ஒலிப்பது மகிழ்ச்சிக்குரியதும்கூட.

இடுபெயரில், ஸ்வெத்லானாவின் குறையாக மேலே சொன்னதெல்லாம் இந்தக் குடும்பங்களுக்கு நிறையாக மாறுகிறது. அதன் சுருக்கம் ஸ்வேத்தா. தமிழகத்தில் நன்கு வழங்கும் ஸ்வேதா என்ற பெயரிலிருந்து காதுக்கு அதிக வேறுபாடு இல்லை. இது தற்செயலும் அன்று: வெண்மை என்று பொருள்படும் வடமொழிச் சொல்லும் ஒளி என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்லும் ஒரே தொல்மூலத்தின் கிளைகள். நாத்யாவும் இவ்வாறே நதியா என்ற பெயராகத் தமிழ்க் காதுக்குப் பழகியது. தான்யா, மாயா, நீனா ஆகியவற்றுக்கும் எந்தத் தடையும் இல்லை. நியோனீலா என்ற அரிய பழைய பெயரின் சுருக்கம் நீலா. தமிழ்ப் பாட்டி அதை நிலா என்றே வைத்துக்கொள்ளலாம். மறுபுறம், அன்னா அழகான பெயர்தான். ருக்மிணி தேவியை நடனத்தின் பக்கம் திருப்பிய பாவ்லோவாவின் பெயரும் அதுவே. ஆனால் தமிழ் வீட்டில் கூப்பிடும்போது ‘அண்ணா’ என்று காதில் விழும். ஸோயாவைத் தமிழில் ‘சோயா’ என்று எழுதினால் பயறு நினைவுக்கு வரும். நத்தாஷா இந்தியாவில் விரும்பிச் சூட்டப்படும் பெயர் என்றாலும், 1990களில் துருக்கியில் அது முன்னாள் சோவியத் நாட்டுப் பெண்களை இழிவாகக் குறிக்கும் சொல்லாகப் பயன்படுத்தப்பட்டது; அந்நாட்டில் வாழவிருப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இவை அனைத்தையும் எடைபோட்டால், ரஷ்யாவில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறக்கும் பெண்ணுக்கு நான் வேராவைத்தான் முதலில் சொல்வேன். பொருள் கேட்கிறது, பெயர் குறுகியது, பாட்டியின் காலத்துக்கும் பேத்தியின் காலத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது, வகுப்பறையில் அதே பெயரில் வேறு பலர் இருப்பதும் அரிது. செல்லப் பெயர்களின் செழுமையை விரும்பும் வீட்டுக்கு அனஸ்தாசியா பொருத்தமானது. தமிழ்–ரஷ்யக் குடும்பத்துக்கு நதேஷ்தாவையே பரிந்துரைப்பேன்: ஸ்வெத்லானாவைப்போல் ஒரு தலைமுறைக்குள் அடைபட்டுவிடாதது, முழுப்பெயரின் பொருள் ரஷ்யருக்கு விளங்கும், நாத்யா என்ற அழைப்பு இரு வீட்டாருக்கும் எளிது. சோஃபியாவை விரும்பி முடிவெடுத்துவிட்டவர்களை நான் தடுக்க மாட்டேன். ஒரே பெயர் பலருக்கு இருப்பதைக் குறையாக எண்ணாதவர்களுக்கு அது நிறைவான பெயர்தான்.

முடிவெடுத்த பின் பதிவகத்துக்குச் செல்ல ஒரு மாத அவகாசமே உண்டு. பிறந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது ரஷ்யச் சட்டம். 2017 முதல் எண்களும், ஒட்டுக்கோடு தவிர்ந்த குறிகளும், பதவிப் பெயர்களும் இடுபெயரில் இடம்பெறக் கூடாது என்ற தடையும் நடப்பில் உள்ளது. சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும்: சோஃபியாவா சோஃப்யாவா, நத்தாலியாவா நத்தால்யாவா என்பதோடு, அல்யோனா போன்ற பெயர்களில் ‘யோ’ எழுத்தின் மேலுள்ள இரு புள்ளிகள் இடப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளிகள் ஓர் ஆவணத்தில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போனால், பின்னாளில் இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் அலைச்சல் அந்தப் பெண்ணுக்குத்தான் வரும். பெயர் பிடிக்கவில்லை என்றால் பதினான்கு வயதுக்குப் பிறகு, பெற்றோரின் ஒப்புதலோடு அதை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவளுக்கு உண்டு.